ஆயில் மூடிக்குள் பால்

மெக்கானிக் மச்சினன் லாரி எஞ்சினின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, திருப்பிக் காட்டினான். அடிப்பக்கம் முழுக்கக் காபி நுரை மாதிரி வெளுத்த பசை அப்பியிருந்தது.

"ஈரமா இருக்கும்டா. கிட்டக்கிட்டவே ஓடி, எஞ்சின் சரியா சூடாகலைன்னா இப்படிப் பால் கட்டும்னு நீதானே சொல்வே?" என்றார் லாரிக்காரர். குரலில் கெஞ்சல் இருந்தது.

"மூடியில மட்டும் இருந்தா நானும் அப்படித்தான் மாமா விட்டிருப்பேன்." ஆயில் அளக்கும் குச்சியை உருவினான். அதிலும் அதே பசை. ரேடியேட்டரைத் திறந்தான். தண்ணீர் பாதிதான் இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. "தண்ணியும் ஆயிலும் கலந்துடுச்சு. கேஸ்கெட் மட்டும் இல்ல, எஞ்சின் பிளாக்கே விரிசல் விட்டிருக்கு. சமதரையில கொஞ்ச தூரம் ஓடும். மேடு ஏறினா அவ்வளவுதான், எஞ்சின் இறுகிடும்."

"வேற எஞ்சின் மாத்தினா?"

"அதுக்கு வேற லாரியே வாங்கிடலாம் மாமா."

லாரிக்காரரின் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் நகை மொத்தமும் அந்த லாரிக்குள்தான் போயிருந்தது. வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. அடுத்த வண்டி வாங்க வேண்டுமானால், இந்த வண்டி காசாக வேண்டும். வேறு வழியே இல்லை.

லாரிக்காரர் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "பழைய ஆயிலை இறக்கிட்டுப் புதுசு ஊத்துடா. மூடியைப் பெட்ரோல் போட்டுப் பளபளன்னு துடை."

"என்னங்க இது? யாரோ ஒரு அப்பாவி தலையில கட்டறது பாவமில்லையா?"

"நம்ம தலையில இதை ஒருத்தன் கட்டினானே, அவன் பாவம் பார்த்தானா?"

கடைசியில், மூடியைத் துடைக்கப் பழைய துணி எடுத்து வந்து கொடுத்ததும் மனைவிதான்.

விளம்பரம் பார்த்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தங்கமான சிரிப்பு. வந்ததும் வராததுமாக பானெட்டைத் தூக்கச் சொல்லி, ஆயில் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூடியைப் பார்த்தாலே ஓனர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுடும். நீங்க சுத்தமான ஆளு சார்!" என்று கை குலுக்கினார் வந்தவர். பேரம்கூடப் பேசவில்லை. கொஞ்சம் அட்வான்ஸைக் கையில் திணித்துவிட்டு, "ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடலாமா? நீங்களும் வாங்களேன்," என்றார்.

கூடப் போய், நடுவழியில் எஞ்சின் நின்று தொலைத்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"எனக்கு முதுகுவலிங்க. நீங்களே போயிட்டு வாங்க. மலைப்பாதைப் பக்கம் மட்டும் போகாதீங்க, ரோடு சரியில்ல," என்று சாவியைக் கொடுத்தார் லாரிக்காரர்.

போனவர் போனவர்தான். சாயங்காலம்வரை ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. அவர் கொடுத்த போன் நம்பரில் யாரோ ஒரு பெண் எடுத்துத் திட்டினாள்.

"ஐயோ, வண்டியைக் கொண்டுபோயிட்டானே பாவி!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

லாரிக்காரர் சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"எதுக்குடி அழறே? திருட்டுப் போனா இன்சூரன்ஸ்ல முழுசா குடுப்பாங்க. நாம கேட்ட விலையைவிட அதிகம். அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்! கிளம்பு, ஸ்டேஷனுக்குப் போவோம். மிச்ச அழுகையை அங்கே வந்து அழு."

அவள் அழுத அழுகையில் ஸ்டேஷனே கலங்கிப்போயிற்று. ஏட்டு எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இன்ஸ்பெக்டர் புகாரை எழுத எழுத, லாரிக்காரரும் தன் பங்குக்கு உருகினார்.

"பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தேன் சார். எஞ்சின் புதுசு மாதிரி. ஸ்டார்ட் பண்ணா சத்தமே வராது."

"இஸ்திரிச் சட்டை, சிரிச்ச முகமா? அவனேதான். ஓட்டிப் பார்க்கறேன்னு சொல்லியே பல வண்டி அடிச்சிருக்கான். ஒண்ணுகூடத் திரும்பிக் கிடைச்சதில்ல. நீங்க மனசைத் தேத்திக்குங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள லாரிக்காரர் படாதபாடு பட்டார். புது லாரிக்கு என்ன நிறம் என்பதுவரை அவர் மனசுக்குள் முடிவாகியிருந்தது.

போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் எடுத்துக் கேட்டார். லாரிக்காரரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மறுபடியும் கேட்டார்.

"உங்களுக்கு யோகம்தான் போங்க! வண்டி கிடைச்சிடுச்சு. மலைப்பாதையில, பாதி மேட்டுல எஞ்சின் இறுகி நிக்குதாம்."

மனைவியின் அழுகை சட்டென்று நின்றது. லாரிக்காரர் கண்ணில்தான் இப்போது நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"அவன்... ஓடிட்டானா சார்?"

இன்ஸ்பெக்டர் எழுதிய தாளை ஒதுக்கிவிட்டு, வேறொரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"ஓடவே இல்லையாம். பானெட்டைத் திறந்து போட்டுட்டு நடுரோட்டுலயே உட்கார்ந்திருக்கான். இத்தனை வருஷத் தொழில்ல இப்படி ஒரு பித்தலாட்டத்தைப் பார்த்ததே இல்லையாம், உங்க மேல புகார் குடுத்துட்டுத்தான் ஜெயிலுக்குப் போவானாம்!"