களவு போன பாலம்

"பிரிஜ், ரேடியோ போனது போகட்டும், பாயிஸா. அவங்கள் என்ர பாலத்தையும் எல்லோ கொண்டு போட்டாங்கள்."

சொன்ன திரேசா டீச்சரின் முகத்தில் துக்கத்தைக் காணோம். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஆறுதல் சொல்ல வந்த பாயிஸாவுக்கும் அவள் கணவன் ஹபீலுக்கும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரம் ஓய்ந்து, டீச்சரும் கணவர் தம்பிராஜாவும் அகதி முகாமிலிருந்து கண்டி வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரம்தான். வாடகை வீடு. சொந்தக்காரர் சிங்களவர் என்பதால் கலவரக்காரர்கள் தீ வைக்கவில்லை, துடைத்தெடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இருக்க ஒரு கதிரை இல்லை. முகாமிலிருந்து கொண்டுவந்த பாயில் நால்வரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்தப் பாலம் டீச்சர்?" என்று கேட்டார் ஹபீல்.

"உங்கட கட்டுகஸ்தோட்டைப் பாலம்தான். நான் கீறின படம். இந்தச் சுவரில தொங்கினது. கியூபிசம் எண்டு சொல்லுவினம். ஒரு பொருளை முன்னால, பின்னால, பக்கத்தால எல்லாம் ஒரே நேரத்தில பாக்கிற மாதிரிக் கீறுறது."

"எனக்கெண்டால் பாலம் உடைஞ்சு ஆத்துக்க விழுந்த மாதிரித்தான் இருந்தது" என்றார் தம்பிராஜா.

டீச்சர் பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்தவர். வீட்டில் கீறியதெல்லாம் இப்படி முக்கோணமும் சதுரமும்தான். கொழும்புக் கண்காட்சிகளுக்குப் போன அவர் படங்கள் ஒன்றுவிடாமல் ரயிலேறித் திரும்பி வந்தன. பாலமும் திரும்பி வந்த அன்று டீச்சருக்கு மனம் விட்டுப்போயிற்று. "ஒருத்தருக்கும் வேண்டாததை இனி ஏன் கீற?" என்று எல்லாவற்றையும் கிழித்தார். பாலத்தை மட்டும் அவர் கையிலிருந்து பிடுங்கிச் சுவரில் மாட்டியவர் தம்பிராஜா. சுவர் வெடிப்பை மறைக்கத்தான் என்று சொல்லிக்கொண்டார். அதற்குப் பிறகு டீச்சர் பென்சிலைக்கூடத் தொடவில்லை.

"யோசிச்சுப் பாரும், பாயிஸா. அந்தக் குழப்பத்துக்கையும் ஒருத்தன் என்ர படத்துக்கு முன்னால நிண்டு பாத்திருக்கிறான். பிடிச்சுப்போய்க் கழட்டிக்கொண்டு போயிருக்கிறான். கொழும்பில பெரிய ஆக்கள் வேண்டாமெண்டதை அவன் வேணுமெண்டிருக்கிறான்."

"கள்ளனெண்டாலும் ரசிகன்" என்றார் தம்பிராஜா.

டீச்சர் நிமிர்ந்து இருந்தார். வீடே காலியான ஒரு பெண்ணுக்கு அத்தனை பெருமிதம் எங்கிருந்து வந்ததோ. பாய்க்கு அடியிலிருந்து ஒரு பெரிய காகிதத்தை எடுத்து விரித்தார்.

"இப்ப திரும்பத் தொடங்கிட்டன். எரிஞ்ச கடைத்தெரு. எல்லாப் பக்கத்தாலயும் கீறப் போறன். ஒருத்தரும் கண்ணை மூடிக்கொண்டு போகேலாது."

பாயிஸா படத்தின் மேல் குனிந்தாள். ஹபீல் தம்பிராஜாவுக்குக் கண் காட்டினார். இருவரும் வாசல் படலையடிக்கு வந்தார்கள்.

"சேர், நீங்க சாக்குல சுத்தி எங்கட கடைல வைக்கத் தந்தத நேத்து அவுத்துப் பாத்துட்டேன். குறை நினைக்க வேணாம். அது டீச்சர்ட பாலம்தானே?"

தம்பிராஜா தலையாட்டினார்.

"கள்ளன் ஒண்ணும் எடுக்கல்ல. ஓடுற நேரத்துலயும் நீங்கதான் அதக் காப்பாத்தி ஈக்கிறீங்க. சொன்னா டீச்சர் எவ்வளவு சந்தோஷப்படுவாங்க. ஏன் சேர் மறைக்கிறீங்க?"

தம்பிராஜா திரும்பி வீட்டைப் பார்த்தார். டீச்சரின் பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் வாசல்வரை கேட்டது.

"நான் காப்பாத்தேல்லை, ஹபீல். அவவைக் கூட்டிவர முதல், நான் தனிய வந்து வீட்டைப் பாத்தனான். பல்பைக்கூடக் கழட்டிக்கொண்டு போயிருந்தாங்கள், விளக்குமாத்தையும் விடேல்லை. முழு வீட்டிலயும் அவங்கள் வேண்டாமெண்டு விட்டிட்டுப் போனது அந்தப் படத்தை மட்டும்தான்."