மேடைக்கு வந்த அப்பா

பள்ளி அரங்கில் விளக்கணைந்ததும் மேடையில் தணிகாசலம் ஒளியுருவாக எழுந்து நின்றான். தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் சிக்கி அவன் செத்து இரண்டு வருடமாகிறது. இப்போது கம்பெனி உருவாக்கிய அவன் உருவம்தான் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளை அதே தொழிற்சாலை வேலைக்கு அழைக்கிறது. மகள் எப்போதாவது அவனைப் பார்க்கட்டும் என்றுதான் மனைவி வசுமதி அதற்குச் சம்மதித்திருந்தாள்.

வசுமதியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் இலக்கியா எழுந்தாள். “அப்பா, நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியலையே கண்ணு. உன் பேரு என்ன?”

அவள் சொன்னாள்.

“நல்ல பேரு. எங்க கம்பெனிக்கு வா, தினமும் பாக்கலாம்.”

வீடு திரும்பும் வழியில் இலக்கியா கேட்டாள். “தினமும் போய்ப் பேரைச் சொன்னா ஞாபகம் வச்சுக்குவாருல்லம்மா?”

 வசுமதி மகள் சட்டையில் கம்பெனிக்காரர்கள் குத்திவிட்ட பேட்ஜைக் கழற்றக் கை நீட்டினாள். இலக்கியா அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.