பெரிய சத்தம், சின்னச் சத்தம்

அவள் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, திருட வந்தவள்போல நின்றாள்.

உள்ளே தொப்பென்று ஒரு பெரிய சத்தம். கொஞ்சம் பொறுத்து ஒரு சின்னச் சத்தம். அப்புறம் வெகுநேரம் ஏதோ இழுபடும் ஓசை.

கீழ்வீட்டுக்காரி சொன்னது சரிதான். "நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. நீங்க வேலைக்குப் போனதும் ஆரம்பிக்குது. முதல்ல பெருசா ஒண்ணு, அப்புறம் சின்னதா ஒண்ணு. புள்ளைய அடிக்கிறாரோ என்னவோ."

பெரியது அடி. சின்னது குழந்தை விழுவது. இதைக் கூட்டிக் கழித்துப் பார்க்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

உள்ளே இருந்தது அவளுடைய ஆறு வயது மகளும், கணவனின் தம்பியும்.

மகளுக்கு நோய். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், அவ்வளவு நீளம். அப்பாவிடம் பாதியும் அம்மாவிடம் பாதியுமாக ஒளிந்திருந்து, குழந்தையிடம் வந்து ஒன்று சேர்ந்துவிட்டது. எந்தப் பக்கத்து ரத்தம் என்று விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அந்தப் பங்கைக் கேட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

முதலில் கால் தடுமாறும், பிறகு கை, பிறகு பேச்சு. போனது திரும்பாது, இருப்பதைப் பத்திரமாகப் பாருங்கள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பத்திரமாகத்தான் பார்த்தாள். மேசை முனைகளுக்கெல்லாம் பஞ்சு கட்டினாள். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மகளின் கையை விட்டதே இல்லை.

ஆனால் வேலைக்குப் போகாமல் முடியாது. கணவன் லாரியோடு கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டான். அந்த நேரத்தில்தான் கொழுந்தன் பெட்டியோடு வந்து சேர்ந்தான்.

அவன் கால்பந்துக் குழுவில் கோல்கீப்பர். பட்டப்பெயர் 'திறந்த கதவு'. பந்தைப் பிடித்ததைவிட விழுந்து புரண்டதுதான் அதிகம் என்று அண்ணனே கிண்டல் செய்வான். கடைசியில் முட்டியும் போய், ஆட்டமும் போய், அண்ணன் வீட்டு சோபாவில் கால் நீட்டிவிட்டான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அவனிடம் குழந்தையை விட்டுவிட்டுப் போனாள்.

அவளுக்குக் கார்மென்ட்ஸில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்து, பிசகிய தையலைப் பிடிக்க வேண்டும். நல்ல சட்டை அவள் கண்ணில் நிற்பதே இல்லை. அது பாட்டுக்குத் தாண்டிப் போய்விடும்.

அந்தக் கண்தான் குளிப்பாட்டும்போது கண்டுபிடித்தது. மகளின் தோளில் கன்றிய நீலம். அடுத்த வாரம் இடுப்போரம்.

மகளைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொழுந்தனைக் கேட்டால், விளையாடும்போது பட்டிருக்கும் என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தரையைப் பார்த்துப் பேசுகிறவனை எவள் நம்புவாள்?

கணவனிடம் மூச்சு விடவில்லை. தம்பி என்றால் அவனுக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. கையும் களவுமாகப் பிடித்த பிறகே சொல்வது என்று முடிவு செய்து, தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் பாதி வேலையில் வந்துவிட்டாள்.

மறுபடி பெரிய சத்தம். அதன் பின்னாலேயே மகளின் சிரிப்பு.

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அடிக்குச் சிரிக்கும் அளவுக்குப் பிள்ளையைப் பழக்கி வைத்திருக்கிறானே!

செருப்பைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைத் திருகினாள். கதவுக்குப் பின்னால் தொங்கிய குடையை உருவிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்தின் நடுவில் போர்வையை மடித்து விரித்திருந்தார்கள். அதன் ஓரத்தில் கொழுந்தன் ஒருக்களித்துக் கிடந்தான். மகள் எதையும் பிடிக்காமல், ஆடியபடி நின்றிருந்தாள்.

மகளின் முட்டி மடங்கியது. இவள் பதறி ஓடுவதற்குள், மகள் முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளை மடக்கி, தோளைக் கொடுத்து உருண்டு படுத்தாள்.

சின்னச் சத்தம்.

"தலை படல சித்தப்பா!"

விழப் பழகிக்கொண்டிருந்தார்கள். பெரியவன் விழுந்து காட்ட, சின்னவள் பார்த்து விழுந்துகொண்டிருந்தாள்.

கொழுந்தன் பேயறைந்தவன்போலப் பார்த்தான். "நீங்க பாத்தா தாங்க மாட்டீங்கன்னுதான் அண்ணி..."

அவள் மண்டியிட்டு, மகளின் நெற்றி முடியை ஒதுக்கினாள். பழைய தழும்புகள் வெளுத்துக் கிடந்தன. புதிதாக ஒன்றுமில்லை. முகவாயிலும் இல்லை.

இவன் வருவதற்கு முன்னால், கிழிந்த நெற்றியோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எத்தனை தடவை மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறாள். அந்த ஓட்டம் நின்று போனதை அவள் கவனிக்கவே இல்லை.

வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது. எவ்வளவு பிடித்தாலும் தன் பிள்ளை விழத்தான் போகிறாள் என்பதை, அவளுக்கு முன்னால் இவன் ஒத்துக்கொண்டுவிட்டான்.

"எந்திரிக்கவும் சொல்லிக் குடுத்திருக்கலாம்ல?" என்றாள்.

மகள்தான் பதில் சொன்னாள். "சித்தப்பாவுக்கே அது வராதும்மா. ரெண்டு பேரும் சோபாவ இழுத்துப் பிடிச்சுத்தான் எந்திரிப்போம், ரொம்ப நேரம் ஆகும். இன்னிக்கு நீ இருக்கல்ல? முதல்ல அவரத் தூக்கிவிடு. பாவம், முட்டி வலி."

அவள் எழுந்து நின்றாள். ஒரு கையை மகளிடம் கொடுத்தாள். மறு கையிலிருந்த குடையைத் திருப்பி, அதன் பிடியைக் கொழுந்தன் பக்கம் நீட்டினாள்.