நோலா விட்ட இடைவெளி

ஆஸ்திரேலியக் கடலோர ஊரான செடூனாவின் மதிய வெயில் சமையலறை மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதிப் பாதியில், செத்துப்போன நோலாவின் கவிதைகள் மின்நூலாகத் திறந்து கிடக்கின்றன. அவள் கணவர் க்ளெம் எழுத்தைப் பெரிதாக்குகிறார், சிறிதாக்குகிறார். எப்படிப் பார்த்தாலும் வரிகள் லாரியில் ஏற்றிய ஆடுகளைப் போல நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. "ஒரு வார்த்தைகூட விட்டுப்போகலையே, க்ளெம்?" என்கிறாள் பதிப்பகத்து டானியா, கைபேசியில். "வார்த்தையெல்லாம் இருக்கும்மா. அவ சும்மா இருந்த இடத்தத்தான் காணோம்." "வெறும் காலி வரிதானே? சின்னத் திரையில இடத்த அடைக்குதுன்னு எடுத்துட்டோம்." "காலியா? அதுக்குத்தான் அவ அரை நாள் உக்காந்திருப்பா!" பேச்சைத் துண்டிக்கிறார். வரிகளுக்கு நடுவே விடும் ஒவ்வொரு இடைவெளிக்கும் நோலா கணினி விசையை டொக் டொக்கென்று இரண்டு தட்டுத் தட்டுவாள். அவள் எழுதும் அறையிலிருந்து சுவர் தாண்டிக் கேட்கும். க்ளெம் வாய்விட்டு வாசிக்கத் தொடங்குகிறார். அவள் நிறுத்திய இடம் அவருக்குத் தெரியும். அது வந்ததும் விரல் முட்டியால் மேசையை டொக் டொக்கென்று தட்டுகிறார். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த கிழட்டு நாய் விருட்டென்று எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, அவளுடைய அறைக் கதவுக்கு முன்னால் போய் நிற்கிறது.