கம்பளி இழை

"டெஸ்ட் முடிவுல பாதி ஆட்டு ரோமம்! நீ புரதம் பிரிக்கிறியா, ஆடு மேய்க்கிறியா?" ஆய்வுக்கூடத் தலைவர் எரிந்து விழுந்தார்.

உதவியாளர் தலை குனிந்தாள். குழாயில் இருந்தது கண்ணுக்கே தெரியாத அளவுப் புரதம். அதில் ஒரு கம்பளித் தூசி விழுந்தாலும் கருவி அதைத்தான் படித்துக் காட்டும்.

"ஸ்வெட்டரைக் கழட்டி வெளியில வச்சிட்டுதான் சார் வந்தேன்."

"அப்போ ரோமம் வானத்துலேருந்தா குதிச்சுது? சாம்பிள்ல மிச்சம் ரெண்டே துளி. நீ தொடவே வேணாம், நானே பண்றேன்."

ஒரு துளியை அவரே தயார் செய்தார். அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. மறுநாள் முடிவு வந்தது. முன்பைவிட அதிகமாக ஆட்டு ரோமம்.

அவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். பிறகு மேலங்கியின் பொத்தானை அவிழ்த்து, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கம்பளிக் காலுறை. நைந்துபோன நூல், தொட்டாலே உதிர்ந்தது.

"என் பொண்ணோடது. வேலை நடுவுல கை நடுங்கினா, கையுறையோடயே இதைத் தொட்டுக்குவேன். அன்னிக்கு நீ பண்றப்போ பக்கத்துல நின்னப்பவும் தொட்டேன். உன்னைத் திட்டினது தப்பும்மா. கடைசித் துளியை நீயே பண்ணு."

அவர் சங்கடத்தைப் போக்க அவள் சிரித்தாள். "பரவால்ல சார். இதோட ஜோடி எங்க? பாப்பா தொலைச்சிட்டாளா?"

"புதைக்கறப்போ ஒரு கால்லேருந்து கழட்டிட்டேன்மா. இன்னொண்ணைக் கழட்ட மனசு வரல. குளிருமேன்னு விட்டுட்டேன்."