நெஞ்சில் தட்டும் இடம்

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்த கையோடு, சாமியார் உடுப்பு மாற்றும் அறையின் வாசலை மறித்து நிற்கிறாள் அமலோற்பவம். சன்னல் வெயிலில், அவள் தலைமுடியில் ஒட்டிய தறிப்பஞ்சு மினுங்குகிறது. "ஏனுங்க சாமி, பாவ அறிக்கை செபத்துல 'என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே'ன்னு நெஞ்சுல தட்டுற எடத்த மாத்திப்போட்டீங்க? 'எங்கள் பலவீனங்களைப் பாரும்'னு நீங்க சொல்ல, ஓங்குன கை அந்தரத்துல நின்னுபோச்சுங்க." அவள் வலது கை இப்போதும் மூடியே இருக்கிறது. சகாயராஜ் சாமியார் சிரிக்கப் பார்க்கிறார். "பாவம் பாவம்னு உங்க மனசு நோக வேண்டாம்னுதாம்மா." "நோவட்டுமுங்க! நாங்களும் நீங்களும் ஒண்ணா நெஞ்சுல அடிச்சுக்கறது அந்த ஒரு எடத்துலதானுங்க. அதையும் எடுத்துப்போட்டா?" அவள் குரல் வெளியே கோயில் ஒலிபெருக்கியில் அதிர்கிறது. அவர் அங்கியில் செருகிய மைக்கில் பச்சைப் பொட்டு எரிந்துகொண்டே இருக்கிறது; கலைந்துகொண்டிருந்த கூட்டம் நின்று கேட்கிறது. மைக்கை அணைக்கத்தான் அவர் கை நெஞ்சுக்குப் போகிறது. அணைக்கவில்லை. விரல்கள் மடங்குகின்றன. "என் பாவமே" என்கிறார். டொம் என்று ஒரு தட்டு கோயில் முழுக்க உருள்கிறது. இரண்டாவது தட்டில் கோயிலே சேர்ந்துகொள்கிறது.