ஆஸ்பத்திரி வேண்டாம்

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டா முப்பத்து மூன்றா என்பது சரியாக நினைவில்லை. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து நின்ற மாதம் என்பது மட்டும் நிச்சயம். இலங்கையில், கேகாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், தன் வீட்டு வாசலில் சங்கிலி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான். வலி கண்டுவிட்டது. உள்ளே அவன் அம்மாவுக்கும் மனைவிக்கும் சண்டை.

"நம்ம வம்சத்துல எவடி ஆஸ்பத்திரியில புள்ள பெத்தா? நான் ஆறு பெத்தேன். ஆறும் ஊருல, வீட்டுலதான்" என்றாள், போன வருஷம்தான் புருஷனோடு கப்பலேறி வந்திருந்த வெள்ளையம்மா.

"அதுல தங்குனது ஒங்க மகன் ஒருத்தர்தானே அத்தை?" தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பூவாயி விடவில்லை. "இங்க இப்ப எல்லாரும் அங்கதான் போறாங்க. மருத்துவச்சி கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் தொடுவாங்க."

"லயமே சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டுமே. உசிரு முக்கியம்."

உள்ளே ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பிறகு, "சரி, தூளியக் கட்டச் சொல்லு" என்று அம்மாவின் குரல் வந்தது.

கம்பில் சாக்குத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழி முழுக்க வெள்ளையம்மா திட்டிக்கொண்டே வந்தாள்.

பொழுது சாய்வதற்குள் அழுகுரல் கேட்டது. பூவாயி வெளியே ஓடிவந்து, சங்கிலியின் கையில் ஒரு துணிச் சுருளை வைத்தாள்.

"இந்தாங்க, ஒங்க தம்பி! அத்தை நல்லாருக்காங்க. மாமா எங்க, வெக்கத்துல ஒளிஞ்சிட்டாரா?"

மாமாவுக்கு வெட்கம் தெளிய ஒரு மாதம் ஆயிற்று. தம்பி வளர்ந்து அதே தோட்டத்தில் பால் வெட்டினான். அவன் பிறந்த மறுவருஷமே பூவாயி பெண் பெற்றாள். அவளை ஆஸ்பத்திரிக்கு விரட்டியது வெள்ளையம்மாதான்.